பங்களாக்காரனுக்காகப் போன பல்

கல்யாணமான வருஷம் என் வீட்டுக்காரர் எனக்கென்று வாங்கிவந்த முதல் சாமான் ஒரு பேய்க்கதைப் புத்தகம். வெல்லம் விற்கச் சேலத்துக்குப் புறப்பட்டவர், வண்டியில் ஏறுவதற்கு முன்னால் கட்டுத்தறிப் பக்கம் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டே, "ஏதாச்சும் வாங்கியாரட்டுமா?" என்று கேட்டார். எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. "படிக்க ஏதாவது" என்றேன். அவர் மாட்டுக்குத் தலையாட்டிவிட்டுப் போனார்.

நான் ஆத்தூரில் வளர்ந்தவள். அப்பாவுக்கு அங்கே ஒரு அரிசி மில்லில் வேலை. எட்டாவது வரை படித்திருந்தேன். கட்டிக்கொடுத்தது ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் பாசனத்தில் கரும்பும் வாழையும் வைத்திருந்த ஒரு குடும்பத்தில். வீட்டில் மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, நான். அந்த அக்காவை நான் நங்கை என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டோடு வந்துவிட்டவர். எல்லாரும் என்னிடம் பிரியமாகத்தான் இருந்தார்கள். ஆனால் பகலில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. மற்ற நேரத்திலும் என்ன பேசுவதென்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

சேலத்திலிருந்து திரும்பியவர் சாக்குப் பைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினார். வெல்ல வாசனை அடித்தது. அட்டையில் மலைமேல் ஒரு பங்களா, அதன் ஜன்னலில் விளக்கு, கீழே முக்காடு போட்ட ஒரு பெண் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"கடையில நெறையக் கெடந்துச்சு. எனக்கு என்ன தெரியும்? ஒவ்வொண்ணாக் கையில தூக்கிப் பார்த்தேன். இதுதான் கனமா இருந்துச்சு" என்றார்.

வாழைத்தார் பார்க்கிறவர் புத்தகம் வாங்கினால் அப்படித்தான் வாங்குவார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். உள்ளே 'முதல் பாகம்' என்று அச்சடித்திருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

அப்போது மேட்டுக்காட்டு வேர்க்கடலையை விதைக்காக உரித்துக்கொண்டிருந்த சமயம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் முன்கூடமான ஆசாரத்தில் கடலையைக் குவித்துக்கொண்டு நாங்கள் மூன்று பெண்களும் உட்காருவோம். அக்கம்பக்கத்துப் பெண்களும் ஒத்தாசைக்கு வருவார்கள். முதல் நாள் நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கை உரிப்பதும் ஒரு வரி படிப்பதுமாக இருந்தேன். மாமியார் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு வேலையும் உருப்படியா ஆகாது, சாமி. நீ கடலைய உடு. சத்தமாப் படி, நாங்க உரிச்சுக்கறோம்."

அந்த நேரம் பார்த்து மாமனார் உள்ளே வந்தார். உயரமான மனிதர். வீட்டுக்குள் யாரோ வழக்கத்தில் இல்லாத குரலில் பேசுவதைக் கேட்டு நின்றார்.

"என்ன அது?"

"கதைங்க, மாமா."

"நடந்த கதையா, கட்டுன கதையா?"

"கட்டினதுதாங்க."

"அப்பப் பொய்யி" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்குப் படிக்கத் தெரியும். பஞ்சாங்கம் படிப்பார். வேறு எதையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

கதை இதுதான். ஒரு வாலிபன் ஆற்று வெள்ளத்தில் மூழ்கிச் செத்துப்போகிறான். சிதையில் வைத்துக் கொள்ளி வைக்கப் போகிற நேரத்தில் எழுந்து உட்காருகிறான். அதிலிருந்து அவனுக்கு ஒரு சக்தி வந்துவிடுகிறது. செத்துப்போனவர்கள் வைத்திருந்த ஒரு பொருளைக் கையில் வாங்கினால், அவர்கள் பேசுவது அவனுக்குக் கேட்கும். அதை வைத்தே பணக்காரனாகி மலைமேல் பங்களா கட்டிக்கொள்கிறான். ஆனால் யோக்கியன் இல்லை. புதைத்த நகை எங்கே என்று கேட்டு வருகிறவர்களிடம் பாதியைச் சொல்லி மீதியைத் தானே தோண்டிக்கொள்வான். பெரிய மனிதர்களின் ரகசியத்தைத் தெரிந்துகொண்டு அவர்களை மிரட்டுவான். அவனிடம் ஒரு பெண் வருகிறாள். அவளுடைய அண்ணன் மலைப்பாதையில் விழுந்து செத்திருக்கிறான். தள்ளியது யார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அண்ணனின் அங்கவஸ்திரத்தை அவன் கையில் கொடுக்கிறாள். அவன் முகம் வெளுக்கிறது. "எதுவும் கேட்கவில்லை" என்கிறான். அது பொய் என்று படிக்கிற நமக்குத் தெரியும். அவன் அவள்மேல் ஆசைப்பட்டுவிட்டான் என்பதும் தெரியும். ஒருவேளை கொன்றதே அவன்தானோ என்கிற பயம்தான் கதை முழுக்க.

கதைக்காரர் அவனுக்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார். எங்கள் ஆசாரத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை. முதல் நாளிலேயே அவன் 'பங்களாக்காரன்' ஆகிவிட்டான்.

புத்தகத்தில் அவன் பேசுவது அந்தக் கால நாடகத்தில் ராஜா பேசுவதுபோல இருந்தது. 'ஹே பெண்ணரசி! யான் மகாபாபி! என்னை நம்பி மோசம் போகாதே!' என்று நான் படித்தேன். மாமியார் கையை நிறுத்தினார்.

"என்ன சொல்றான் அவன்?"

"நான் கெட்டவன், என்னை நம்பாதேன்னு சொல்றாங்க."

"அதை நம்ம பேச்சுல சொல்லு, அம்மிணி. இப்புடிப் பேசுனா எந்தப் பொண்ணு அவனைத் திரும்பிப் பார்ப்பா?"

அதிலிருந்து பங்களாக்காரன் எங்கள் ஊர்ப் பேச்சைப் பேச ஆரம்பித்தான். 'அம்மிணி, நானு பொல்லாதவனுங்க. என்னைய நம்பீராதீங்க' என்று நான் மாற்றிச் சொன்னதும், உட்கார்ந்திருந்த பெண்களிடையே ஒரு பெருமூச்சு கிளம்பியது. எனக்கோ ஆத்தூர்ப் பேச்சு. இந்த 'ங்க' எங்கே வரும், எங்கே வராது என்று திண்டாடுவேன். நான் தப்பாகச் சொன்னால் நங்கை திருத்துவார். பங்களாக்காரனுக்குப் பேச்சு சொல்லிக்கொடுக்கிற சாக்கில் எனக்கே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

சண்டைக்கும் குறைவில்லை. அவன் ஒரு மிட்டாதாரை மிரட்டிப் பணம் பறிக்கிற இடம் வந்தால் ஒரு பக்கம் "திருட்டுப் பயல்" என்பார்கள். "அந்தப் பணமும் திருடுனதுதானே" என்று இன்னொரு பக்கம். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் அவனிடம் வருகிற அத்தியாயம் ஒன்று இருந்தது. மகனின் தலைப்பாகையை வாங்கிப் பார்க்கிறான். அதில் அவனுக்குக் கேட்பது அழுகையும் வசவும்தான். ஆனால் கிழவியிடம், "உங்க மகன் சௌக்கியமா இருக்கானுங்க, உங்களை அழ வேண்டாங்கறானுங்க" என்று பொய் சொல்லி அனுப்பிவிடுகிறான். அவளிடம் மட்டும் கூலி வாங்கவில்லை.

அன்று எல்லாரும் போன பிறகு நங்கை எழுந்து போய்த் தன் பெட்டியிலிருந்து ஒரு சின்னப் பித்தளைச் சுண்ணாம்பு டப்பியை எடுத்துவந்தார். அவருடைய புருஷனுடையது. விடியற்காலையில் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன இடத்தில் பாம்பு கடித்து இறந்துபோனவர்.

"அப்புடி ஒருத்தன் நெசமாவே இருந்தா, இதைக் குடுத்து ஒண்ணு கேப்பேன்" என்றார்.

"என்னங்க கேப்பீங்க?"

"அன்னிக்கு ஏதாச்சும் குடிச்சுட்டுப் போனாரா, வெறும் வயித்தோட போனாரான்னு. நாந்தான் தூங்கிட்டனே."

நங்கை டப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தானாகவே சிரித்தார். "பங்களாக்காரன் நல்லவன், அம்மிணி. எதுவா இருந்தாலும், நீராகாரம் குடிச்சுட்டுத்தானுங்க போனாருன்னு சொல்லீருவான்."

இந்தக் கதை என் வீட்டுக்காரரையும் விடவில்லை. நான் காட்டுக்குச் சோறு கொண்டுபோனால், வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, "அப்பறம் என்னாச்சு?" என்பார். முதலில் சுருக்கமாகச் சொன்னேன். பிறகு பங்களாக்காரன் மாதிரியும் அந்தப் பெண் மாதிரியும் பேசிக் காட்டினேன். கலயம் காலியான பிறகும் உட்கார்ந்திருப்பார். மடை உடைத்துக்கொண்டு தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போன நாளும் உண்டு. பேச்சே இல்லாமல் இருந்த எங்களுக்கு அந்தப் பொல்லாதவன்தான் பேச்சைக் கொண்டுவந்து கொடுத்தான்.

கடலை முடிகிற சமயத்தில் புத்தகமும் முடிந்தது. அந்தப் பெண் பங்களாவில் தனியாக இருக்கிறாள். மேஜை இழுப்பறையைத் திறக்கிறாள். உள்ளே அவள் அண்ணனின் மோதிரம். விளக்கு அணைகிறது. முதுகுக்குப் பின்னால் செத்துப்போன அண்ணனின் குரல், 'அவனை நம்பாதே, அன்று அவன்தான்' என்கிறது. அவ்வளவுதான். 'முதல் பாகம் முற்றிற்று.'

"அவன்தான்னா?" என்றார் மாமியார்.

"அவ்வளவுதாங்க அத்தை. மீதி ரெண்டாம் பாகத்திலாம்."

"அதெப்புடி! பாதியில நிறுத்தறதுக்கு அவனாருடா அவன்?" என்று கதைக்காரரைத் திட்டிக்கொண்டே மாமியார் எழுந்தார். அன்று ராத்திரி ரசத்தில் உப்பில்லை.

அடுத்த தடவை வெல்லம் கொண்டுபோன என் வீட்டுக்காரர் இரண்டாம் பாகம் கேட்டிருக்கிறார். யுத்தகாலம், காகிதத் தட்டுப்பாடு. இன்னும் வரவில்லை என்று கடைக்காரர் கையை விரித்திருக்கிறார். வெறுங்கையோடு வர மனமில்லாமல் ஒரு மாட்டு வைத்தியப் புத்தகத்தை வாங்கிவந்தார். மாமனாருக்கு அதில் ஏக சந்தோஷம். மாமியார் இரண்டு நாள் மகனோடு பேசவில்லை.

மாதங்கள் போயின. சேலத்துக்குப் போய்வந்த ஒரு வெல்ல வியாபாரி, அந்த இரண்டாம் பாகம் கடையில் தொங்குவதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். கரும்பை ஆட்டி வெல்லம் காய்ச்சுகிற ஆலையாட்டம் முடிந்துவிட்டதால் என் வீட்டுக்காரருக்கு இனிச் சேலம் போக வேலையே இல்லை. கதைப் புத்தகம் வாங்கப் பஸ் ஏறிப் போகிறேன் என்று மாமனாரிடம் சொல்கிற துணிச்சல் யாருக்கும் கிடையாது.

மறுநாள் காலையில் மாமியாருக்குப் பல்வலி வந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் பதறிப்போய்க் கிராம்பு எடுக்க ஓடினேன். என் கையைப் பிடித்து இழுத்து, குரலைத் தாழ்த்தி, "கிராம்பு கேக்காது. சேலத்துக்குத்தான் போகோணும்" என்று கண்ணைச் சிமிட்டினார்.

என் வீட்டுக்காரர் பொய் சொல்லிப் பழகாதவர். ஆனால் அன்று அவருடைய அப்பாவுக்கு நேரே நின்று, "ராத்திரியெல்லாம் அம்மா தூங்கவே இல்லீங்க. சேலத்துல நல்ல பல் வைத்தியரு இருக்கறாருங்களாம். நாங்க கூட்டீட்டுப் போயிட்டு வாரோங்க" என்று தடுமாறாமல் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அந்த நிமிஷத்தில் அவர் எனக்குப் பங்களாக்காரனைவிட அழகாகத் தெரிந்தார்.

மாமனார் மீசையைத் தடவினார். "நீங்க மட்டும் எதுக்கு? நானும் வாரேன்" என்றார்.

பின்வாங்க வழியில்லை. பக்கத்து வீட்டாரிடம் மாடுகளை ஒப்படைத்துவிட்டு ஐந்து பேரும் கட்டைவண்டியில் எங்கள் பக்கத்து வேலூர் போய் அங்கே பஸ் பிடித்தோம். பெட்ரோல் இல்லாத காலம். பஸ்ஸின் பின்னால் ஒரு உருளை அடுப்பு. அதில் கரியைப் போட்டுக் கிளீனர் ஒரு கைப்பிடியைச் சுற்றுசுற்றென்று சுற்றுவார். புகை வந்து, பஸ் இருமி, பிறகுதான் நகரும். மேடு வந்தால் ஆம்பிளைகள் இறங்கித் தள்ள வேண்டும். மாமனாரும் என் வீட்டுக்காரரும் இறங்கி இறங்கித் தள்ளினார்கள். நங்கை ஜன்னலோரம் உட்கார்ந்து, பட்டணம் போகிற குழந்தைபோல ஒவ்வொரு மரத்தையும் பார்த்துக்கொண்டு வந்தார். நாமக்கல்லில் பஸ் கரி போட நின்றபோது ஒருத்தி முறுக்குக் கூடையோடு வந்தாள். மாமியார் பேச்சு சுவாரஸ்யத்தில் ஒரு முறுக்கை வாங்கி நொறுக்கென்று கடித்துவிட்டார்.

மாமனார் திரும்பிப் பார்த்தார். "பல்லு வலின்னியே?"

"அது எடது பக்கமுங்க. இது சோத்தாங்கைப் பக்கம்" என்றார் மாமியார், மெல்லுவதை நிறுத்தாமல்.

மாமனார் இன்னொரு முறுக்கு வாங்கிக் கொடுத்தார்.

சேலத்தில் இறங்கியதும் புத்தகக்கடைப் பக்கம் நழுவலாம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மாமனார் ஒரு குதிரைவண்டியைப் பிடித்து நேராகப் பல் வைத்தியரிடம் விடச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் "குடிக்கத் தண்ணி பாத்துட்டு வாரேனுங்க" என்று கழன்றுகொண்டார். மாடியில் ஒரு சின்ன அறை, உயர்ந்த நாற்காலி, வெள்ளைச் சட்டையில் ஒரு நடுவயதுக்காரர். மாமியாரின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார்.

"பல்லெல்லாம் கல்லு மாதிரி இருக்குதேம்மா. எது வலிக்குது?"

மாமியார் மாமனாரைப் பார்த்தார். அவர் எதிர் பெஞ்சியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று பார்க்கிறவர்போல உட்கார்ந்திருந்தார். மாமியார் என்னையும் நங்கையையும் பார்த்தார். பிறகு வாய்க்குள் விரலை விட்டுக் கடைசியில் இருந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"இதா? கொஞ்சம் சொத்தை இருக்கு. ஆனா இன்னும் ரொம்ப நாளைக்கு வரும். அவசியம் எடுக்கணுமா?"

"எடுத்துருங்க" என்றார் மாமியார். பொய்யை ஒப்புக்கொள்வதைவிடப் பல் போவது மேல் என்று அவர் முடிவு செய்துவிட்டது எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். நங்கை என் கையை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் பல் ஒரு பீங்கான் தட்டில் கிடந்தது. மாமியார் 'ஆ' என்றுகூடச் சொல்லவில்லை. வாய் நிறையப் பஞ்சோடு கீழே இறங்கி வந்தபோது, படிக்கட்டின் அடியில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். இடுப்புத் துண்டுக்குள் செவ்வகமாக ஏதோ புடைத்திருந்தது. மாமியார் அதைக் கண்டதும், வீங்கின கன்னத்தோடு சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்றே ஊர் திரும்ப முடியாது. மாமியாரின் தங்கை கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருந்தார், ஏற்காடு மலைப்பாதை தொடங்குகிற இடத்தில். அங்கே போய்த் தங்கினோம். காலையில் எழுந்து வாசலுக்கு வந்த நங்கை அப்படியே நின்றுவிட்டார். எதிரே மலை. பாதை வளைந்து வளைந்து மேலே ஏறி மரங்களுக்குள் மறைகிறது. வெகு உயரத்தில் வெள்ளையாக ஏதோ ஒரு கட்டடம்.

"அதா இருக்குமா, அம்மிணி?"

"கதையிலே எந்த மலைன்னே சொல்லலைங்களே."

"இதேதான்" என்றார் நங்கை. வாசல் வேப்பமரத்தடியில் பாயை விரித்தோம். மாமியார் பஞ்சை அடக்கிக்கொண்டு மரத்தில் சாய்ந்து, படி என்று கையால் சாடை காட்டினார். மாமனாருக்கு அந்த ஊரில் பார்க்க மாடும் இல்லை, காடும் இல்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகம் எப்படி வந்தது என்று அவர் கேட்கவே இல்லை. அதுவே எங்களுக்கு ஆச்சரியம்.

படிக்கப் படிக்க முடிச்சு அவிழ்ந்தது. அந்த அண்ணன் நல்லவன் இல்லை. கட்டின மனைவியையே கிணற்றில் தள்ளிக் கொன்றவன். செத்துப்போன அந்த மனைவியின் வளையலைத் தொட்டதில் பங்களாக்காரனுக்கு அது தெரிந்துவிட்டது. அதை வைத்து அண்ணனை மிரட்டினான். அவன் பங்களாக்காரனைத் தீர்த்துக்கட்ட மலை ஏறி வந்தான். கைகலப்பில் கால் சறுக்கிப் பாறை விளிம்பில் தொங்கினான். 'கை கொடு' என்று கெஞ்சினான். மோதிரம் போட்ட விரல் பாறையைப் பற்றியிருந்தது. பங்களாக்காரன் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். மோதிரம் மட்டும் கழன்று பாறையில் நின்றது.

நான் நிறுத்தினேன்.

கட்டில் கிரீச்சிட்டது. மாமனார் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

"அதெப்புடி? கண்ணெதிர்ல ஒருத்தன் உழுவறான், பாத்துட்டே நிக்கறதா?"

"கட்டுன பொண்டாட்டியக் கெணத்துல தள்ளுனவனுங்க, அப்பா" என்றார் நங்கை.

"இருக்கட்டும்! மொதல்ல கையக் குடுத்துத் தூக்கி உடோணும். அப்பறம் போலீசுல ஒப்படைச்சுக்கோ. சும்மா நின்னு பாத்தவனும் கொலகாரன்தான். எனக்கு அப்பவே தெரியும், தலைப்பாகையை வாங்கிட்டு அந்தக் கிழவிகிட்டப் பொய் சொன்னானே, அப்பவே!"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தலைப்பாகை முதல் பாகத்தில் வந்தது. அப்படியானால் கடலை உரித்த நாட்களில் இவர் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறார்.

மாமியார் வாயிலிருந்து பஞ்சை எடுத்தார். "பொய்யிக்கதைன்னு சொன்னவிய எதுக்குங்க கேட்டீங்க?"

"கதை பொய்யி. பல்லுவலி மட்டும் நெசமாக்கும்?"

என் வீட்டுக்காரர் மலையில் எதையோ தீவிரமாகத் தேட ஆரம்பித்தார்.

"எப்பங்க தெரிஞ்சுது?" என்றார் மாமியார், குரல் இறங்கிப்போய்.

"நாமக்கல்லுல முறுக்குத் தின்னியே, அப்பவே."

மாமியாரின் கண் மெல்ல மெல்ல விரிந்தது. "அப்ப, தெரிஞ்சேதான் பல்லப் புடுங்க உட்டீங்களா?"

"நீ எது வரைக்கும்தான் போறேன்னு பாக்கலாம்னு..."

"பாத்துட்டே நின்னீங்களா?"

"நிக்கல" என்றார் மாமனார். "உக்காந்திருந்தேன்."

முதலில் வெடித்தது நங்கைதான். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சாய்ந்துவிட்டார். பிறகு நான், பிறகு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த சின்ன மாமியார். மாமனார், "கடேசி நிமிசத்துல தடுக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அந்தாளு இழுத்துப்போட்டான்" என்று நியாயம் சொல்லச் சொல்ல எங்களுக்குச் சிரிப்பு கூடிற்று. மாமியாருக்குச் சிரித்தால் வலிக்கிறது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "நீங்களுந்தானுங்க பங்களாக்காரரு" என்றார். மாமனார் முகம் சிவந்தது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அவரும் சிரித்துவிட்டார்.

சிரித்து ஓய்ந்ததும், "சரி, மேல படி, சாமி. அந்தப் பொண்ணு என்ன பண்றா?" என்று அவரே கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பங்களாக்காரன் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். முதன்முதலாக ஒளிக்காமல் உண்மையைச் சொன்னதும் அவனுக்குச் செத்தவர்களின் குரல் கேட்பது நின்றுபோகிறது. அவள் ஒரு வார்த்தை பேசாமல் மலைப்பாதையில் இறங்குகிறாள். அவன் தடுக்கவில்லை. அடிவாரம் வரை இறங்கியவள் அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து வெயில் ஏறும்வரை யோசிக்கிறாள். பிறகு எழுந்து மறுபடி மேலே ஏறுகிறாள். கதவைத் திறந்தவனிடம், "செத்தவங்க பேச்சு போதுமுங்க. இனி நாம பேசலாம்" என்கிறாள். புத்தகத்தில் இது வேறு மாதிரி இருந்தது. நான் சொன்னது இப்படி.

நங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏறிப் போனாளே, அது போதும்" என்றார். மாமனாருக்குத் திருப்தியில்லை. அவனைக் குறைந்தபட்சம் ஆறு மாதம் ஜெயிலில் போட்டுவிட்டுக் கல்யாணம் செய்துவைத்திருக்கலாம் என்றார். பஸ்ஸில் வேலூர் வரும்வரை இதே பேச்சுதான். கரி வண்டியைத் தள்ள இறங்கிய ஆம்பிளைகளுக்கும் அவர் கதையைச் சொல்லி நியாயம் கேட்டார்.

ஊரில் அந்த இரண்டு பாகங்களையும் எத்தனையோ தரம் படித்தாயிற்று. அட்டை போய், தையல் விட்டு, மாமனாரே கோணி ஊசியால் தைத்துக் கொடுத்தார். மாமியார் அவரைக் கோபம் வந்தாலும் பிரியம் வந்தாலும் 'பங்களாக்காரரே' என்றுதான் கூப்பிட்டார். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார். அடுத்த வருஷம் வெல்லம் ஏற்றும்போது, "அந்தக் கடையில வேற ஏதாச்சும் வந்திருக்குதான்னு பாரு. பேயி இல்லாட்டியும் பரவால்ல" என்று மகனிடம் சொன்னவரும் அவர்தான்.

சேலத்திலிருந்து திரும்பிய சில நாளில் காட்டுக்குச் சோறு கொண்டுபோனேன். என் வீட்டுக்காரர் வாழைக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கு ரொம்ப நாளாகக் கேட்க வேண்டும் என்றிருந்தது.

"நீங்களா இருந்தா, அந்த இடத்துல கை குடுத்திருப்பீங்களா?"

அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த சோற்றைப் பார்த்தபடி யோசித்தார்.

"குடுத்திருப்பேன்" என்றார். "மேல தூக்கி உட்டுட்டு, செவுட்டுல ரெண்டு குடுத்திருப்பேன். அப்பறம் உங்கிட்ட வந்து, உங்கண்ணன் இப்புடின்னு அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீ அழுதிருப்ப. கதை அங்கியே முடிஞ்சு போயிருக்கும். புத்தகம் இத்தனை கனமா இருக்காது."

நான் சிரித்தேன். மடையில் தண்ணீர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து மண்வெட்டியால் அதை அடுத்த பாத்திக்குத் திருப்பிவிட்டு, திரும்பி வந்து மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்தார். வரப்பில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். யார் பார்த்தால் என்ன என்பதுபோல, "உங்க ஆத்தூர்ல நீ சின்னப்புள்ளையா இருந்தப்ப என்ன பண்ணுவ? அதைச் சொல்லு" என்றார். நான் சொல்ல ஆரம்பித்தேன்.